கிணத்துத் தெருவில் உலகப் போர்

நாற்பத்து மூன்றாம் கேள்விக்கு வந்தபோது மணி பத்தே முக்கால். வியன்னா மாநாட்டை நடத்தியவர் யார். மெட்டர்னிக், வேறு யார். ஞானதிரவியம் வட்டத்தைக் கறுப்பு மையால் நிரப்பினார். கோட்டைத் தாண்டக் கூடாது, உள்ளே வெள்ளை தெரியக் கூடாது. ஐம்பத்தேழு வயதில் பாலர் பள்ளிப் பிள்ளை மாதிரி வர்ணம் அடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது. தலைக்கு மேலே தகரக் கூரை. கீழே கடலைமிட்டாய்க்காரன் பாகு காய்ச்சுகிறான், வெல்ல வாசனை படியேறி வந்து தொண்டையில் ஒட்டுகிறது. கோவில்பட்டியில் எங்கே போய் உட்கார்ந்தாலும் கீழே எதையாவது காய்ச்சிக்கொண்டுதான் இருப்பார்கள். பதினெட்டுப் பேர் குனிந்திருக்கிறார்கள். பதினேழு பேருக்கு முடி கறுப்பு. நாளை ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் நிஜத் தேர்வு. முதுகலை வரலாற்று ஆசிரியர் பணி, நூற்றைம்பது கேள்வி, மூன்று மணி நேரம். இன்றைக்கு நடப்பது கடைசி மாதிரித் தேர்வு. போன முறை தொண்ணூறு எடுத்தவனை எடுத்தார்கள், எண்பத்தொன்பது எடுத்தவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஞானதிரவியம் இந்த மாதம் எழுதிய நாலு மாதிரித் தேர்விலும் எண்பத்து நாலு, எண்பத்து மூன்று, எண்பத்தைந்து, எண்பத்து நாலு. ஒவ்வொரு தடவையும் ஏழு கேள்வியை வெறுமனே விட்டிருந்தார். ஒரே ஏழு. முதல் உலகப் போர். எண்பத்து நாலில் ஏழைக் கூட்டத் தெரியாத ஆள் இல்லை அவர். எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த கனகவேல் காலையிலேயே கேட்டுவிட்டான், சிரிக்காமல். "சார், நீங்க முதல் உலகப் போரை நேர்லயே பாத்திருப்பீங்களே, அதையா விடுதீங்க?" எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவைத்தார். நேரில் பார்த்ததுதான் தொந்தரவு, அது அவனுக்கு எப்படித் தெரியும்.

நாற்பத்து நாலு. அபினிப் போர் தொடங்கிய ஆண்டு. கண்ணை மூடினார். தெரு வந்தது. கிணத்துத் தெரு, தெற்கே பார்த்து நடந்தால் இடது கைப் பக்கம் ஐந்தாவது வீடு, கம்பவுண்டர் வேதமுத்து வீடு, வாசலில் மருந்துப் பாட்டில் கழுவிக் கவிழ்த்திருக்கும், முப்பத்தொன்பது பாட்டில். ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்பது. நிரப்பினார். இதெல்லாம் செண்பகம் டீச்சர் சொல்லிக்கொடுத்த வித்தை. முப்பத்தோரு வயதுப் பெண், இரண்டு தடவை ஒற்றை மார்க்கில் போனவள், அந்தக் கோபத்தில் இந்த மாடியைப் பிடித்து மற்றவர்களைத் தேற வைத்துக்கொண்டிருக்கிறாள். முதல் நாளே சொன்னாள். "சார், மூளைக்கு வருஷம் பிடிக்காது, வீடு பிடிக்கும். உங்க தெருவுல முதல் வீட்டுல இருந்து கடைசி வீடு வரைக்கும் உலக சரித்திரத்த வரிசையாக் குடி வைங்க. மறக்கவே முடியாத சங்கதியோட சேத்துக் கட்டிப் போடுங்க. பரீட்சையில கண்ண மூடி நடந்தாப் போதும், ஆளே எந்திரிச்சு வந்து பதில் சொல்லும்." கனகவேல் கையைத் தூக்கினான். "டீச்சர், நான் இருக்கிறது வாடகை வீடு. காலி பண்ணச் சொன்னா சரித்திரத்த எங்க கொண்டு போக?" "நீ அத மொதல்ல குடி வைல, பிறகு பாப்போம்" என்றாள் அவள். ஞானதிரவியத்துக்கு அப்போது இது கூத்தாகத்தான் பட்டது. இருபத்திரண்டு வருஷம் பத்தாம் வகுப்புக்குச் சரித்திரம் சொன்னவர். நெப்போலியன் மாஸ்கோவிலிருந்து திரும்பி நடந்ததைச் சொன்னால் கடைசி பெஞ்சுப் பையனும் பனியில் காலை இழுத்து இழுத்து வைப்பான். ஆனால் அது கதை. இங்கே கதை கேட்கவில்லை, தேதி கேட்கிறார்கள். தேதி அவருக்கு என்றைக்கும் நின்றதில்லை. சரி, அந்தப் பெண் சொன்னபடி குடி வைத்தார். முடி வெட்டுகிற கடையில் கான்ஸ்டான்டிநோபிள் விழுந்தது. டீக்கடையில் பாஸ்டன், அது எல்லாருக்கும் அங்கேதான். மின்வாரியக்காரர் வீட்டுப் பெரிய இரும்புக் கதவில் பாஸ்டில். ரயில்வே போர்ட்டர் இருளப்பன் வீட்டுக் கொடியில் காயும் சிவப்புச் சட்டைகளில் கரிபால்டியும் அவன் படையும். நன்றாகத்தான் போயிற்று. வரிசையாகக் குடி வைத்துக்கொண்டே வந்தார். இருளப்பன் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு வந்து நின்றது. இருளப்பன் வீட்டுக்கு அடுத்த வீடு அவருடைய வீடு.

ஒரு வீடு தள்ளி வைத்திருக்கலாம். வைக்கவில்லை. போர் நாலு வருஷம். மனைவி புஷ்பம் முன்னறையில் கட்டிலில் கிடந்தது நாலு வருஷம். பொருந்திற்று. பொருந்தினால் ஒட்டிக்கொள்ளும் என்று டீச்சர் சொல்லியிருந்தாள், ஒட்டிக்கொண்டது. மடையன்தான் அப்படிச் செய்வான். பிறகு அதைக் கிளப்பி எதிர்ப்பக்கத்துக் காலிமனையில் வைத்துப் பார்த்தார், போகவில்லை. தேதியைக் கூப்பிட்டால் கட்டிலோடு வந்தது. ஐம்பத்திரண்டு, அமெரிக்க உள்நாட்டுப் போர், நிரப்பினார். ஐம்பத்தைந்து, ஜப்பானின் மெய்ஜி, எதிர்ப்பக்கத் தையல்காரி வீடு, நிரப்பினார். பேனா வழுக்குகிறது, கை வியர்க்கிறது. இந்தக் கைதான் எல்லாவற்றுக்கும் காரணம், நீளக் கை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அப்பா கூட்டிக்கொண்டு போன அன்றைக்கு, ஹெட்மாஸ்டர் சொன்னார், வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடு. தொட்டுவிட்டார். நாலு வயது கூட முடியாத பிள்ளை, கை மட்டும் குரங்குக்கு மாதிரி. அஞ்சு வயசு ஆயிட்டு என்று ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்டார், ஜூன் ஒன்று. அன்றைக்குக் காதைத் தொட்ட பதினோரு பிள்ளைகளும் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தார்கள். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், ஒரு வருஷம் மிச்சம் என்று. மிச்சமா. ஒன்றரை வருஷம் போயிற்று. அடுத்த தேர்வு வரும்போது காகிதத்தில் வயது தாண்டியிருக்கும். உடம்பில் தாண்டியிருக்காது. எவன் உடம்பைப் பார்க்கிறான். காதை எட்டாமல் விட்டிருந்தால் இன்னொரு தடவை எழுதலாம். எழுதி என்ன செய்ய, அதையும்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு வருஷம் வேலை, பிறகு ஓய்வு. கனகவேல் அதையும் விடவில்லை. "நீங்க எடுத்தா ரெண்டு வருஷத்துல திரும்பக் காலியாயிரும் சார். எனக்குத்தான நல்லது, நல்லா எழுதுங்க." எழுதாவிட்டால் இரண்டு வருஷமும் இல்லை. தேறினவர்கள் வந்ததும் தற்காலிக ஆசிரியர் வேலை எல்லாம் நின்றுவிடும் என்று தலைமையாசிரியை போன வாரமே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், காபி கொடுத்து. காபி கொடுக்கும்போதே தெரிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் இரண்டு நோட்டு. ஒன்று நீல அட்டை போட்ட பெரிய வருகைப் பதிவேடு, அதில் பதினாலு பேர். இன்னொன்று நாற்பது பக்க நோட்டு, அதில் ஞானதிரவியம் மட்டும். இருபத்திரண்டு வருஷமாகக் காலையில் ஒரு கையெழுத்து, சாயங்காலம் ஒரு கையெழுத்து, ஒன்று தீர்ந்தால் இன்னொன்றாக அந்த நாற்பது பக்க நோட்டில். மூன்று தலைமையாசிரியர்கள் மாறினார்கள், நேற்று வந்த ஓவிய மாஸ்டர் பெரிய நோட்டுக்குப் போனான். புஷ்பத்துக்கு இந்த நோட்டுதான் ஆறவில்லை. சம்பளத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. "ஏங்க, அந்தப் பெரிய நோட்டுல ஒரு நா கையெழுத்துப் போட்டுட்டு வந்து சொல்லுங்க. ஒரே ஒரு நா. அம்புட்டுதான்." இடது பக்கம் விளங்காமல் படுத்துக்கொண்டு, வலது கையால் வழிகாட்டிப் புத்தகத்தை நெஞ்சில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கேள்வி கேட்பாள். எட்டாம் வகுப்புப் படித்தவள். பேர்களைக் கடித்துத் துப்புவாள். "லுசித்தானியா. இது ஆளா, ஊரா?" "கப்பல்." "கப்பலுக்குப் பொம்பளப் பேரா? சரி, என்னைக்கி முங்கிச்சு, சொல்லுங்க." அவர் கூரையைப் பார்த்து யோசிப்பார். "தெரியலேன்னா தெரியலேன்னு சொல்லுங்க, மோட்டைப் பாத்தா வராது." அந்த வாரமே அவளுக்கு வாங்கிப் போட்டிருந்த தண்ணீர் மெத்தை ஓட்டையாகி அறை முழுக்கத் தண்ணீர். அவர் பதறிக்கொண்டு வாளியும் துணியுமாக ஓட, அவள் நனைந்த சேலையோடு படுத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு இருளப்பன் வீடு வரைக்கும் கேட்டது. "ஏங்க, லுசித்தானியா முங்கிட்டு." மே ஏழு, பதினைந்து. அப்படித்தான் ஒட்டிக்கொண்டது, ஒவ்வொன்றும். அமெரிக்கா பிந்தி வந்து சேர்ந்த ஏப்ரலில் மஸ்கட்டிலிருந்து அவள் தம்பி துரைசிங் சக்கர நாற்காலியோடு வந்து இறங்கினான், எல்லாம் முடிகிற சமயத்தில், பெரிய மனுஷன் மாதிரி. ருஷ்யா தனியாகச் சமாதானம் பேசிக்கொண்டு விலகினது பெரிய மைத்துனி செல்வபாய். இரண்டரை வருஷம் கூட இருந்து தூக்கித் துடைத்தவள், ஒரு நாள் பெட்டியை எடுத்தாள். "எனக்கும் குடும்பம் இருக்கு அத்தான்." பிரெஸ்ட் லிடோவ்ஸ்க் ஒப்பந்தம், மார்ச் மூன்று. வெர்டூன் சண்டை பத்து மாசம், பாளையங்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவதும் வருவதுமாக, போன இடத்திலேயே நின்றுகொண்டு, ஒரு அடி முன்னே இல்லை.

"சார், தூங்கிட்டீங்களா?" செண்பகம் டீச்சர் பக்கத்தில் நிற்கிறாள். "இல்ல டீச்சர். நடந்துக்கிட்டு இருக்கேன்." "எந்த வீடு?" அவர் தாளின் மேலிருந்த கையை எடுத்தார். அவள் விடைத்தாளைப் பார்த்தாள். அறுபது வரைக்கும் நிரம்பியிருந்தது. "அறுபத்தொண்ணுல இருந்து அறுபத்தேழு. இன்னைக்காவது தொடுங்க சார். ஏழும் சுளையா இருக்கு. நான் வேணும்னேதான் வச்சிருக்கேன்." போய்விட்டாள். நல்ல பெண். விட மாட்டாள். அறுபத்தொன்று. ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் சரயேவோவில் சுடப்பட்ட நாள். ஜூன் இருபத்தெட்டு இருக்கிறது, ஜூலை இருபத்தெட்டு இருக்கிறது, ஆகஸ்ட் ஒன்று இருக்கிறது, ஆகஸ்ட் நாலு இருக்கிறது. கண்ணை மூடினார். சிவப்புச் சட்டைகள். அடுத்து அவர் வீட்டுப் படி. உள்ளே பின்வாசல் தெரிகிறது, துவைக்கிற கல், நீலம் கரைத்த வாளி, வாளி சாய்ந்து நீலத் தண்ணீர் முற்றத்தில் ஓடுகிறது, தண்ணீருக்குள் அவள் கை. அவள் விழுந்தது என்றைக்கு. ஜூன் இருபத்தெட்டு. இல்லை. அது ஐப்பசி, மழை விட்டிருந்தது, அதனால்தான் துணி துவைத்தாள். ஐப்பசிதான். ஆனால் தேர்வுக்காக அவளை ஜூனில் விழ வைத்துவிட்டார். இப்போது கேட்டால் ஜூன் என்றுதான் வருகிறது. ஐப்பசியில் எத்தனாம் தேதி. தெரியவில்லை. சரித்திரத்துக்குத் தேதி கேட்டால் அவள் வருகிறாள், அவளுக்குத் தேதி கேட்டால் சரித்திரம் வருகிறது. தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்துக்குப் போனார், வழக்கம்போல. அறுபத்தெட்டு. ருஷ்யப் புரட்சி, பால்காரர் வீடு. நிரப்பினார்.

பிறகு நிற்காமல் போனார். முசோலினி, பால்வாடியில். ஹிட்லர், மாவு மில்லில். முத்துத் துறைமுகம், ஐக்கிய நாடுகள் சபை, சூயஸ். தெருவின் கடைசியில் அடிகுழாயில் பெர்லின் சுவரை இடித்து நூற்றைம்பதாவது வட்டத்தை அடைத்தபோது பன்னிரண்டரை. எத்தனை சரி, எண்பத்து நாலு இருக்கும். இப்போது எல்லாரும் நிமிர்ந்து கையை உதறுகிறார்கள், தாளைத் திருப்பிப் பார்க்கிறார்கள். அவர் தாளில் நடுவில் ஏழு வரிசை வெள்ளையாக இருந்தது, பல் விழுந்த வாய் மாதிரி. நாளைக்கும் இப்படித்தான் இருக்கும். நாளைக்குப் பிறகு தாளே இல்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்த நாற்பது பக்க நோட்டை என்ன செய்வார்கள், பழைய பேப்பருக்குப் போடுவார்கள். குருட்டாம்போக்கில் ஏழையும் 'ஆ' என்று அடைத்துவிடலாம். ஒன்று தேறும், இரண்டு தேறும். போதாது. எண்பத்தாறும் வீடு, எண்பத்தொன்பதும் வீடு. உள்ளே போகத்தான் வேண்டும். போனால் அவள் முகத்தைப் பார்ப்பான், நின்றுவிடுவான், மணி அடித்துவிடும். ஞானதிரவியம் தன்னையே அவன் இவன் என்று திட்டிக்கொண்டார். ஒரு வழி இருக்கிறது. அது இந்த மாதம் முழுக்க அவருக்குத் தெரியும். வீடு வேண்டும், தேதி வேண்டும், ஆள் கூடாது. "இன்னும் அரை மணி" என்றாள் டீச்சர். கீழே பாகை இறக்கிவிட்டார்கள் போல, வாசனை மாறிவிட்டது. கனகவேல் பேனாவைக் கடித்துக்கொண்டு தகரத்தைப் பார்க்கிறான், வாடகை வீட்டில் எதையோ தேடுகிறான்.

கண்ணை மூடினார். சிவப்புச் சட்டை, படி, கதவு. இந்த முறை திரும்பவில்லை. முதலில் சின்னச் சாமான். மருந்துத் தட்டை எடுத்து வெளியே வைத்தார். கஞ்சிக் கிண்ணம், துண்டு, பவுடர் டப்பா. பிரயாசை இல்லாமல் போயிற்று. முற்றத்துக்குப் போய் வாளியை நிமிர்த்தி, நீலத் தண்ணீரைக் கழுவிவிட்டார். கல் காய்ந்தது. செல்வபாய் ஏற்கெனவே பெட்டியோடு நின்றாள், அவளைச் சொல்ல வேண்டியதில்லை, போனாள். துரைசிங் நாற்காலியை மடக்கினான். "நான் வேணா இருக்கட்டுமா அத்தான்?" "வேண்டாம், கிளம்பு." தண்ணீர் மெத்தையைச் சுருட்டினார். அது லேசில் சுருளவில்லை, ஒரு பக்கம் அமுக்கினால் மறு பக்கம் வீங்கியது, அதற்குள் ஏதோ சிரிப்பு மாதிரி களக் களக் என்று. முழங்காலை வைத்து அமுக்கிச் சுருட்டித் தெருவில் போட்டார். பன்னிரண்டு நாற்பது. கட்டில்தான் பாக்கி. அவள் கட்டிலில் புத்தகத்தோடு இருக்கிறாள், மூக்குக் கண்ணாடியின் ஒடிந்த காதுக்குப் பதில் நூல் கட்டியிருக்கிறாள், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "என்னங்க, என்னையுமா?" அவர் கட்டில் காலைப் பிடித்தார். "எங்க போக?" "பன்னண்டே முக்கால் ஆகப் போகுது, புஷ்பம்." "பரீட்சையா?" "ம்." "நாளைக்கா?" "நாளைக்கு. இன்னைக்கு ஒத்திகை." "அப்பம் நேரத்தப் போக்காதீங்க" என்றாள். எழுந்தாள். நாலு வருஷம் எழுந்திராதவள் இரண்டு காலையும் ஊன்றி எழுந்தாள், அதைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. "செருப்பு எங்க கிடக்கு?" செருப்பு இல்லை. நாலு வருஷமாக யார் செருப்பைத் தேடினார்கள். "சரி, கிடக்கட்டும்" என்று வெறுங்காலோடு கதவைத் தாண்டினாள். எந்தப் பக்கம் திரும்பினாள் என்று அவர் பார்க்கவில்லை. பார்த்தால் அறுபத்தொன்று போய்விடும். கட்டிலைத் தூக்கி நிமிர்த்தி வெளியே தள்ளினார். அறை காலி. சுண்ணாம்புச் சுவர், நாலு கால் அழுந்தின தடம் தரையில். அவ்வளவுதான். சுவரில் தேதிகள் வரிசையாக இருந்தன, கரும்பலகையில் அவரே எழுதியது மாதிரி, பள்ளிக்கூடக் கையெழுத்தில். ஜூன் 28, 1914. அறுபத்தொன்று. மார்ன் சண்டை, செப்டம்பர். அறுபத்திரண்டு. மே 7, 1915. வெர்டூன், பெப்ரவரி முதல் டிசம்பர். ஏப்ரல் 6, 1917. மார்ச் 3, 1918. அறுபத்தேழாவது, போர் நின்ற நாள். இதை அவர் எங்கேயும் கட்டவில்லை. அவள் உயிர் போனது ஒரு சாயங்காலம் நாலேகால் மணிக்கு, போருக்கும் அதற்கும் பொருந்தவில்லை, அதனால் அவர் தலைக்குள் அந்தப் போர் நிற்காமலே கிடந்தது. இப்போது சுவரில் அதுவும் இருந்தது. நவம்பர் 11, காலை பதினொன்று. கோட்டைத் தாண்டாமல், வெள்ளை தெரியாமல், ஏழு வட்டம். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

மணி அடித்தாள் டீச்சர். மேசைக்கு வரிசையாகக் கூப்பிட்டாள். ஓட்டை போட்ட அட்டையைத் தாளின் மேல் வைத்துச் சிவப்புப் பென்சிலால் எண்ணுவது அவள் வழக்கம். கனகவேலுக்கு எழுபத்தெட்டு. "நாளைக்கு என்னல செய்யப் போற?" "வீடு மாறணும் டீச்சர்" என்றான். யாரும் சிரிக்கவில்லை. ஞானதிரவியம் தாளை நீட்டினார். அவள் அட்டையை வைத்தாள். எண்ணிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றாள், அட்டையைத் தூக்கிப் பார்த்தாள், திரும்ப வைத்தாள். இரண்டாம் முறை எண்ணினாள். "சார்! தொண்ணூத்தொண்ணு." அந்தப் பெண்ணின் முகம் விரிந்துபோயிற்று, அவளே தேறிவிட்ட மாதிரி. "ஏழும் சரி. ஏழும்!" கனகவேல் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினான், நிஜமாகவே. ஞானதிரவியம் குலுக்க விட்டார். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் தேடிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை, பெருக்கிவிட்ட மாதிரி இருந்தது. புஷ்பம் என்று ஒரு தரம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தார். பேர் மட்டும் வந்தது. டீச்சர் பென்சிலைக் கீழே வைத்தாள்.

"இத்தன நாளும் ஏன் சார் அத தொடவே இல்ல?"

"வீட்டுல ஆள் இருந்தாங்க."

அவளுக்கு விளங்கவில்லை. ஏதோ விளங்கின மாதிரி தலையை ஆட்டினாள். "இப்ப?"

"இல்ல."

"நல்லது சார். நாளைக்கும் அப்படியே இருக்கட்டும்."

"சரி டீச்சர்" என்றார்.